இழை: லண்டன் பையன்கள் வாசித்த ப்ளூஸை எதற்குக் கேட்க வேண்டும்?

பிப்ரவரி 4 (வாசகர் கேள்வி)

பி.பி. கிங், ஓட்டிஸ் ரஷ், ஃப்ரெடி கிங் போன்ற அமெரிக்கக் கறுப்பினக் கிட்டார்காரர்கள் வாசித்த அசல் ப்ளூஸ் பதிவுகள் எல்லாம் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன. அப்படியிருக்க, 1965, 66இல் லண்டன் புறநகர்ப் பையன்கள் அதையே சத்தமாக வாசித்த நகலை ஏன் இன்னும் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்? எனக்குப் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

முதலில் ஒரே உருப்படியை இரண்டு பேரிடம் கேளுங்கள், அப்புறம் பேசலாம். 'ஹைட் அவே'. ஃப்ரெடி கிங் 1960இல் பதிவு செய்தது, அடுத்த ஆண்டு வெளிவந்தது. பாட்டே கிடையாது, கிட்டார் மட்டும்தான். அவர் கையில் அது ஆட்டத்துக்கான இசை. கட்டைவிரலில் பிளாஸ்டிக் நகமும் ஆள்காட்டி விரலில் உலோக நகமும் மாட்டி வாசிப்பார். ஒவ்வொரு சுரமும் பளிச்சென்று தெறிக்கும், தெறித்த வேகத்தில் அடங்கிவிடும்.

லண்டனில் ஜான் மேயால் நடத்திய ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் எரிக் கிளாப்டன் 1966இல் வாசித்ததும் ஏறக்குறைய அதே சுரங்கள்தான். ஆனால் இங்கே சுரம் அடங்க மாட்டேன் என்கிறது. தட்டிய பிறகு தடித்துக்கொண்டே போகிறது. அடுத்த சுரம் வந்து இடித்துத் தள்ளும்வரை நிற்கிறது. சுரம் நிற்க ஆரம்பித்தவுடன் வாசிப்பவனுக்கு அதை என்ன செய்வது என்ற வேலை வந்துவிடுகிறது. நடுக்கலாம், மெல்ல ஏற்றலாம், பாதியில் விட்டுவிடலாம். பாடகன் தொண்டையில் செய்கிற வேலை அத்தனையும் இடது கைக்கு வருகிறது.

என் பதில் இதுதான். மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்குப் போனவர்களின் வாழ்க்கை இந்தப் பையன்களுக்குக் கிடையாது. அந்தப் பாட்டை அந்தக் குரலில் பாட அவர்களால் முடியாது, அது அவர்களுக்கே நன்றாகத் தெரியும். அதனால் பாடும் பொறுப்பைக் கிட்டாரிடம் கொடுத்தார்கள். ப்ளூஸில் பாடகனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த கிட்டார், இவர்களிடம் பாடகனாகவே ஆகிவிட்டது. நான் இன்னும் அதைக் கேட்பது அதற்காக.

பிப்ரவரி 5

"சத்தமாக வாசித்தால் பாடகன் ஆகிவிடுமா?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்து ஆம்ப்களில், அதாவது கிட்டார் ஒலியைப் பெரிதாக்கும் பெட்டிகளில், பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுதான். பாதி ஒலியில் வைத்தால் கிட்டார் எப்படி ஒலிக்கிறதோ அப்படியே பெரிதாக்கிக் கொடுக்கும். குமிழைக் கடைசிவரை திருப்பினால் வால்வு திணறும். அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்படும், மெல்லிய சுரமும் பலத்த சுரமும் ஒரே உயரத்துக்கு வரும், சுரம் சீக்கிரம் சாகாது. கிளாப்டன் அந்தப் பதிவில் வைத்திருந்தது கிப்சன் லெஸ் பால். பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் காந்தச் சுருள். இதில் இருந்தது இரட்டைச் சுருள் ஹம்பக்கர் பிக்கப், சாதாரண பிக்கப்பைவிட ஆம்பை அதிகமாக உந்தும். ஆம்ப், ஜிம் மார்ஷல் செய்த 45 வாட், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த டோன்.

அன்றைய ஸ்டுடியோக்களில் கிட்டார்காரர்கள் ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும், மைக்கை ஆம்புக்கு ஒட்டி வைப்பார்கள். கிளாப்டன் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த டெக்கா ஸ்டுடியோவுக்கு வந்து, மேடையில் எப்படி வாசிக்கிறேனோ அதே ஒலியில்தான் இங்கேயும் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டார். பொறியாளர் கஸ் டட்ஜனுக்கு அதிர்ச்சி. தயாரிப்பாளர் மைக் வெர்னன் நடுவில் நின்று சமாளித்தார். கடைசியில் மைக்கைத் தள்ளி வைத்தார்கள். கிட்டார் மற்ற வாத்தியங்களின் மைக்குகளுக்குள்ளும் கசிந்தது. அந்தத் தட்டில் அறையே அதிர்வது போலக் கேட்கிறதே, காரணம் இந்தக் கசிவுதான். நெருக்கமாக மைக் வைத்த சுத்தமான பதிவில் அது வராது.

பிப்ரவரி 5, மாலை

ஒன்று சேர்க்க விட்டுப்போயிற்று. மார்ஷல் ஆம்ப் எங்கிருந்து வந்தது? ஜிம் மார்ஷல் ஒரு டிரம்மர். மேற்கு லண்டன் ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப் விலை எட்டவில்லை என்று வாடிக்கையாளர்கள் புலம்ப, அவரும் கென் பிரானும் டட்லி கிரேவனும் அதன் சுற்றமைப்பையே பின்பற்றி, இங்கிலாந்தில் கிடைத்த உதிரி பாகங்களை வைத்து ஒன்று செய்தார்கள். வால்வு வேறு, மின்மாற்றி வேறு, ஸ்பீக்கர் வேறு. கேட்டால் பாஸ்மேன் மாதிரியே இல்லை.

நகல் என்று கேள்வி கேட்ட நண்பர் இதையும் யோசித்துப் பார்க்கட்டும். அந்தப் பையன்கள் வாசித்த பெட்டியும் அப்படித்தான் பிறந்தது.

பிப்ரவரி 7

"இங்கிலாந்தில் ஏன், ஏன் பிரான்சில் இல்லை?" நல்ல கேள்வி. முழுப் பதில் எனக்கு இல்லை, ஆனால் சில காரணங்கள் உறுதியானவை.

1951 முதல் 1959 வரை அமெரிக்க இசைக்கருவிகளை இங்கிலாந்துக்கு இறக்குமதி செய்யத் தடை இருந்தது. ஷேடோஸ் குழுவின் ஹேங்க் மார்வினுக்கு 1959இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஏதோ வேற்றுக்கிரகப் பொருள் மாதிரி பேசப்பட்டது. இசைத்தட்டும் எளிதில் கிடைக்கவில்லை. சிகாகோவின் செஸ் நிறுவனத் தட்டுகளைத் தபாலில் வரவழைத்தவர்களில், பின்னால் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகரான மிக் ஜாகரும் ஒருவர். 1961இல் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் அவர் கக்கத்தில் இருந்த தட்டுகளைப் பார்த்துத்தான், அதே குழுவின் கிட்டார்காரராகப் போகிற கீத் ரிச்சர்ட்ஸ் பேச்சுக் கொடுத்தார். கையில் இருப்பது நாலே தட்டு என்றால் அந்த நாலையும் தேயத் தேயக் கேட்பார்கள். ஒவ்வொரு இழுப்பையும் ஒவ்வொரு மூச்சையும் மனப்பாடம் செய்வார்கள். வாசிப்பவர் விரலைப் பார்க்க வழியில்லை, காது ஒன்றுதான் ஆசிரியர். நேரில் கற்றவர்களிடம் இல்லாத ஒரு பிடிவாதம் இவர்கள் வாசிப்பில் இருப்பதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

சிகாகோ ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1958 அக்டோபரில் இங்கிலாந்துக்கு வந்தார், பியானோவுக்கு ஓட்டிஸ் ஸ்பேன். அழைத்தவர் டிராம்போன்காரர் கிறிஸ் பார்பர். நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் வெறும் மரக் கிட்டாரோடு வருவார் என்று பலர் எதிர்பார்த்திருக்க, இவர் மின்கிட்டாரைச் செருகி வெளுத்து வாங்கினார். சிலர் முகம் சுளித்தார்கள். இவர்களுக்கு மரக் கிட்டார்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று 1963இல் அவர் அதைக் கொண்டுவந்தால், அதற்குள் ஊர் மாறிவிட்டது. மின்கிட்டார் எங்கே என்று கேட்டார்கள்! இடையில் நடந்தது என்னவென்றால், லண்டன் ப்ளூஸ்காரர்களான அலெக்சிஸ் கோர்னரும் சிரில் டேவிஸும் 1962 மார்ச்சில் மேற்கு லண்டன் ஈலிங்கில், ஒரு தேநீர்க்கடைக்கு அடியில் இருந்த நிலவறையில் கிளப் தொடங்கினார்கள். பின்னால் பெயர் வாங்கிய பாதிப் பேர் அந்த ஈரம் சொட்டும் அறை வழியாகத்தான் வந்தார்கள்.

பிப்ரவரி 7, சற்று நேரம் கழித்து

இந்தத் தட்டுப்பாடு எனக்கு ஓரளவு புரியும். சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு கேசட்டில்தான் நான் கிளாப்டனை முதலில் கேட்டேன். ஒரு பக்கம் அவர் பின்னால் தொடங்கிய க்ரீம் குழு, மறுபக்கம் யாரென்றே எழுதவில்லை. எழுதாத பக்கத்தைத்தான் அதிகம் கேட்டேன். அதில் ஓர் இடத்தில் சாக்ஸபோன் இழைந்துகொண்டிருக்கும், மேயால் உடைந்த குரலில் பாடுவார், சட்டென்று கிட்டார் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வரும். பெயர் 'ஹேவ் யூ ஹர்ட்' என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நுழைவை இன்றைக்குக் கேட்டாலும் கையில் இருக்கும் வேலையை வைத்துவிடுகிறேன். முதல் சில சுரங்களில் தாளத்தைச் சட்டை செய்யாமல் முந்திக்கொண்டு பாய்கிறார். அப்புறம் உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்து நடுக்குகிறார் பாருங்கள், அந்த நடுக்கத்தில் மொத்தக் கையும் இருக்கிறது.

நடுக்கத்தைப் பற்றி: பி.பி. கிங் ஆள்காட்டி விரலை அச்சாக வைத்து மற்ற விரல்களைப் பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி விரித்து அசைப்பார். அதனால் வேகமான, நெருக்கமான நடுக்கம். கிளாப்டன் கட்டைவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு முழங்கையிலிருந்து ஆட்டுகிறார். அகலமான, நிதானமான நடுக்கம். ஃப்ரீ குழுவின் பால் கோசாஃப் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். அவருடைய ஒற்றைச் சுரம் அழுவது போலவே இருக்கும். மூன்று பேரையும் கண்ணை மூடிக்கொண்டு நடுக்கத்தை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

பிப்ரவரி 9

வீணை வாசிக்கும் ஒரு சகோதரி மேலே எழுதியிருக்கிறார்: தந்தியை இழுத்து சுரம் ஏற்றுவது எங்களுக்குப் புதிதா? நிச்சயமாக இல்லை, கை செய்யும் வேலை அதேதான். போகுமிடம் வேறு. ப்ளூஸில் மூன்றாம் சுரத்தைச் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் வேண்டுமென்றே நிறுத்துவார்கள். மேலே போய்ச் சேரவும் மாட்டார்கள், கீழே இறங்கவும் மாட்டார்கள். அந்த இடைவெளியில் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். கிளாப்டனுக்குப் பின் மேயாலிடம் வாசித்த பீட்டர் கிரீன் அதில் கொஞ்சம் தாழ்வாக நிற்பவர் என்று என் காதுக்குத் தோன்றும். அவர் வாசிப்பில் எப்போதும் ஒரு மனக்குறை தங்கியிருப்பது அதனால்தானோ என்னவோ.

கிரீன் பெயரை எடுத்துவிட்டேன். இனி நிறுத்த முடியாது.

பிப்ரவரி 9, இரவு

கிளாப்டன் 1966 நடுவில் மேயாலை விட்டுப் போய் க்ரீமைத் தொடங்கினார். அடுத்த பதிவுக்கு டெக்கா ஸ்டுடியோவுக்குக் குழு வந்தபோது, வேறு ஆம்ப் இருப்பதைப் பார்த்த மைக் வெர்னன் எரிக் எங்கே என்று கேட்டாராம். போய்விட்டார், ஆனால் அவரைவிட நல்ல ஆள் கிடைத்திருக்கிறார் என்றாராம் மேயால். லண்டன் சுவரில் கிளாப்டனைக் கடவுள் என்று எழுதி வைத்திருந்த காலம் அது. பெத்னல் க்ரீனில் பிறந்த பீட்டர் கிரீனுக்கு இன்னும் இருபதே வயது.

1967 தொடக்கத்தில் வந்த 'எ ஹார்ட் ரோட்' தட்டில் 'தி சூப்பர்நேச்சுரல்' என்று ஓர் உருப்படி இருக்கிறது. கிட்டார் கற்கும் பிள்ளைகள் யாராவது என்னிடம் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். மைனர் இசைவில் மெதுவாக நடக்கும். கிரீன் ஒரு சுரத்தை எடுத்து அப்படியே விட்டுவிடுகிறார். ஆம்பின் ஒலி திரும்பித் தந்தியை அதிர வைக்க, அந்த ஃபீட்பேக்கில் சுரம் தானாக உயிரோடு நிற்கிறது. அதை ஊளையிட வைத்து வேடிக்கை காட்ட அவருக்கு ஆசையில்லை. இரண்டு மூன்று தாளக்கட்டு கடந்தபின் மெல்ல அதை விட்டு அடுத்ததற்குப் போகிறார். இருபது வயதில் எத்தனை பேருக்கு இந்த அடக்கம் வரும்?

1968இல் கிரீனின் சொந்தக் குழுவான ஃப்ளீட்வுட் மேக் வெளியிட்ட 'நீட் யுவர் லவ் சோ பேட்' இன்னொன்று. லிட்டில் வில்லி ஜான் ஐம்பதுகளில் பாடியது. பின்னணி வயலின்களை அமைத்தவர் மிக்கி பேக்கர், அவரே பெரிய கிட்டார்காரர். இங்கே கிரீன் ஆம்பை முறுக்கவே இல்லை. ஒரு வரி பாடுகிறார், கிட்டாரில் இரண்டு சுரம் பதில் சொல்கிறார், அடுத்த வரி. பதில்களைத் தனியாக எழுதி வைத்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அவர் எங்கே வாசிக்காமல் விட்டார் என்பதைக் கணக்கெடுத்தால்தான் அதன் அழகு புரியும். தன்னைக் குளிர வியர்க்க வைத்த ஒரே ஆள் கிரீன்தான் என்று பி.பி. கிங் சொன்னது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் காது போதும்.

பிப்ரவரி 10

"கிரீன் நன்றாகப் பாடுவாரே, அப்புறம் பாட முடியாததால் கிட்டாரிடம் கொடுத்தார்கள் என்றால் எப்படி?" சரியான மறுப்பு. கிரீன் விதிவிலக்குத்தான். மெல்லிய, அலட்டல் இல்லாத குரல், லண்டன்காரனாகவே பாடினார். கிளாப்டனோ 1966 தட்டில் தனியாகப் பாடியது ஒரே ஒரு பாட்டு, ராபர்ட் ஜான்சனுடையது, அதுவும் தயங்கித் தயங்கித்தான். அதே தலைமுறைக் கிட்டார்காரர் ஜெஃப் பெக் பாடுவதைக் கிட்டத்தட்ட விட்டே விட்டார். மிக் டெய்லர் பதினெட்டு வயதில் மேயாலிடம் வந்தவர், அவரும் வாய் திறக்கவில்லை. நால்வரில் மூவருக்குக் கிட்டார்தான் வாய். கிரீனுக்கு இரண்டு வாய், இரண்டும் ஒரே மாதிரி பேசின.

பிப்ரவரி 10, மதியம்

கிரீனின் லெஸ் பாலில் அந்த மூக்கடைத்த ஒலி எப்படி வந்தது என்று ஒருவர் கேட்க, பிக்கப்பைக் கழற்றித் திருப்பி மாட்டினார், அதனால்தான் என்று இன்னொருவர் பதில் எழுதியிருக்கிறார். இது எங்கும் பரவிய தவறு. கழுத்துப் பக்கப் பிக்கப் திரும்பி இருப்பது உண்மைதான், ஆனால் பிக்கப்பைத் திருப்புவதால் காந்தத் துருவம் மாறாது. உள்ளே இருக்கும் காந்தம் தலைகீழாக இருந்தது. அதனால் நடுநிலையில் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றின் அலை மற்றொன்றின் அலையைக் கழிக்கிறது, அடித்தொனி மெலிந்து உள்ளீடற்ற ஒலி வருகிறது. ஒற்றைப் பிக்கப்பில் வாசித்தால் அது சாதாரண லெஸ் பால்தான். அந்தக் கிட்டார் பிறகு கேரி மூரிடம் போய், இப்போது மெட்டாலிகாவின் கிர்க் ஹேமட்டிடம் இருக்கிறது.

பிப்ரவரி 12

பணம் யாருக்குப் போனது என்ற கேள்வியைத் தவிர்க்கக் கூடாது, கேட்டவருக்கு நன்றி.

இரண்டு மாதிரியும் நடந்தது. க்ரீம் குழு அமெரிக்க ப்ளூஸ்காரர் ஸ்கிப் ஜேம்ஸின் பாட்டை 1966இல் அவர் பெயரோடு பதிவு செய்தது. புற்றுநோயோடு போராடிய கடைசிக் காலத்தில் அந்த உரிமைத்தொகை அவருக்கு உதவியது. லெட் செப்பலின் 1969இல் பெரும் பணம் பார்த்த ஒரு பாட்டில், வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் பாடிய வரிகள் இருந்தன, டிக்சன் பெயர் இல்லை. அவர் 1985இல் வழக்குப் போட்டு, 1987இல் சமரசமாக முடிந்தது. பதினாறு வருஷம் கழித்துத்தான் வழக்கே. இதை நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது, அதில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, அந்த ரிஃப், எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

கிளாப்டன் 1976இல் பர்மிங்காம் மேடையில் குடிபோதையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதும் மறக்கக் கூடியதில்லை. கறுப்பின மக்களின் இசையால் வாழ்ந்தவர், குடியேற்றத்தை எதிர்த்த அரசியல்வாதி ஈனாக் பவலுக்கு ஆதரவு கேட்டார். அதற்கு எதிர்ப்பாகத்தான் 'ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்' இயக்கமே பிறந்தது. 1966 தட்டை நான் கேட்பதை நிறுத்தவில்லை. ஆனால் அவரைக் கடவுள் என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது.

பிப்ரவரி 12, இரவு

எல்லாவற்றையும் நான் தாங்குவதாக நினைக்க வேண்டாம். 1968க்குப் பிறகு வந்தவற்றில் பாதி சலிப்பு. ஒரே பன்னிரண்டு தாளக்கட்டில் கால்மணி நேரம் சோலோ. ஆல்வின் லீ உட்ஸ்டாக் இசைவிழாவில் வாசித்த வேகத்தைப் பார்த்து வாய் பிளக்கிறோம், மறுநாள் அதில் ஒரு வரிகூட ஞாபகத்தில் இல்லை. க்ரீம் விஷயத்தில் எனக்கே இரண்டு மனது. 1968 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் பதிவான 'கிராஸ்ரோட்ஸ்' நாலே நிமிடம், ஒரு சுரம் மிகையில்லை. அதே குழுவின் நீண்ட மேடைப் பதிவுகள் பலவற்றில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொரு குறை, தாளம். சிகாகோ டிரம்மர்கள் ஷஃபிள் என்ற துள்ளல் தாளத்தைச் சற்றுப் பின்தங்கி, ஆடிக்கொண்டே வாசிப்பார்கள். பிரிட்டிஷ் குழுக்களில் பெரும்பாலானவை அதைக் கவாத்து நடையாக்கிவிட்டன. கிரீனின் குழுவில் டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டும் பாஸ் வாசித்த ஜான் மெக்வியும் அதில் தப்பித்தவர்கள். கிரீன் அவ்வளவு இடம் விட்டு வாசிக்க முடிந்ததற்கு, கீழே அந்த நடை தளராமல் இருந்ததும் ஒரு காரணம்.

பிப்ரவரி 15

முதலில் கேட்ட நண்பர், நான் சொன்னதையெல்லாம் படித்துவிட்டு, "சரி, அந்த அமெரிக்கர்கள் இவர்களை என்ன நினைத்தார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

பதிவிலேயே பதில் இருக்கிறது. 1969 ஜனவரியில் ஃப்ளீட்வுட் மேக் சிகாகோ செஸ் ஸ்டுடியோவுக்குப் போனது. வில்லி டிக்சன், பட்டி கய், ஹார்மோனிகாவுக்கு வால்டர் ஹார்டன், பியானோவுக்கு ஓட்டிஸ் ஸ்பேன். ஸ்லைடு கிட்டாருக்குப் பேர்போன எல்மோர் ஜேம்ஸோடு வாசித்த சாக்ஸபோன்காரர் ஜே.டி. பிரவுனும் வந்திருந்தார். எல்மோர் ஜேம்ஸையே உயிராக நினைத்த, ஃப்ளீட்வுட் மேக்கின் இன்னொரு கிட்டார்காரர் ஜெரமி ஸ்பென்சருக்குப் பக்கத்தில் நின்று அவர் வாசிக்கிறார். ஸ்பென்சர் செய்வது அச்சு நகல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் எல்மோர் ஜேம்ஸும் தன் புகழ்பெற்ற பாட்டை ராபர்ட் ஜான்சனிடமிருந்துதான் எடுத்தார்.

அதே ஜனவரியில் ஸ்பேன் நியூயார்க்கில் தன் சொந்தத் தட்டைப் பதிவு செய்தார். மடி வாட்டர்ஸின் பியானோக்காரர், அமெரிக்காவில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம். டிரம்ஸுக்கு எஸ்.பி. லியரியை வைத்துக்கொண்டு, கிட்டாருக்குக் கிரீனையும் அவர் குழுவின் டேனி கிர்வனையும், பாஸுக்கு மெக்வியையும் வைத்துக்கொண்டார். அதில் கிரீன் தன் பெயர் இருக்கும் தட்டுகளைவிட நன்றாக வாசிக்கிறார் என்பது என் கட்சி. ஸ்பேன் பாடும்போது ஒதுங்கி நிற்கிறார், பியானோ விடும் இடத்தில் மட்டும் நுழைகிறார். கிட்டார் பாடகனாகிவிட்டது என்று முதல் நாள் எழுதினேன். உண்மையான பாடகர் எதிரே இருந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் இவருக்குத் தெரிந்திருந்தது.

பிப்ரவரி 16

தம்பி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். தந்தி வளைக்கும்போது விரல் வெட்டுகிறது, சுரம் ஏறவில்லை என்கிறார். மூன்றாவது தந்தி சுற்றுக்கம்பியா என்று முதலில் பாருங்கள். அந்தக் காலத்தில் கடையில் வாங்கும் செட்டில் அது சுற்றுக்கம்பியாகத்தான் வரும், வளையவே வளையாது. அதனால் பலர் அதைக் கழற்றிவிட்டு வெறுங்கம்பி போட்டார்கள். சிலர் முதல் தந்தியாக பாஞ்சோ தந்தியைக் கட்டி, செட்டில் இருந்ததை ஒவ்வோர் இடம் தள்ளிக் கட்டினார்கள். இப்போது மெல்லிய தந்தி செட் எந்தக் கடையிலும் கிடைக்கும். பத்தாம் நம்பர், அதாவது முதல் தந்தி 0.010 அங்குலத் தடிமன் உள்ள செட், போடுங்கள். ஒரே விரலால் தள்ளாதீர்கள், மோதிர விரலுக்குப் பின்னால் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் முட்டுக்கொடுத்து மூன்றாலும் தள்ளுங்கள். ஏறவேண்டிய சுரத்தை முதலில் இரண்டு ஃப்ரெட் தள்ளி நேராக வாசித்துக் காதில் வாங்கிக்கொண்டு, அப்புறம் வளையுங்கள்.